பழைய கார் வாங்கும் முன் அதன் எம்.ஓ.டி. வரலாற்றைப் படியுங்கள்

பிரிட்டனுக்கு வந்து ஒரு குளிர்காலம் கடந்தாலே வீட்டில் கார் பேச்சு வந்துவிடும். நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது, பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வர வேண்டும், ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸும் குறைவு. கையில் இருப்பதோ இரண்டாயிரம், மூவாயிரம் பவுண்டு. அந்தப் பணத்துக்குப் பெரும்பாலும் பத்து, பன்னிரண்டு வயதான கார்தான் அமையும். அவற்றில் இன்னும் ஐந்து வருடம் ஓடக்கூடியதும் உண்டு, வாங்கிய மாதமே மெக்கானிக்கிடம் படுத்துவிடுவதும் உண்டு. இரண்டையும் ஓரளவு பிரித்துப் பார்க்கக் காசே செலவில்லாத வழி ஒன்று இங்கே இருக்கிறது.

ஊரில் லாரிக்கும் வாடகைக் காருக்கும் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுப்பார்கள், சொந்தக் காருக்கு அந்தப் பேச்சு பதினைந்து வருடம் கழித்துத்தான் வரும். இங்கே அப்படி இல்லை. காருக்கு மூன்று வயது ஆனதும் (வட அயர்லாந்தில் நான்கு) வருடாவருடம் எம்.ஓ.டி. சோதனை கட்டாயம். பிரேக், டயர், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், விளக்குகள், சீட் பெல்ட், புகை, அடிப்பாகத்தின் துரு எல்லாவற்றையும் பார்த்து பாஸ் அல்லது ஃபெயில் போடுவார்கள். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸில் 2005 முதல் நடந்த சோதனைகளின் முடிவுகளை அரசு இணையதளத்திலேயே பார்க்கலாம். எம்.ஓ.டி. ஹிஸ்டரி என்று தேடி, அரசின் பக்கமா என்று உறுதி செய்துகொண்டு, நம்பர் பிளேட் எண்ணைக் கொடுத்தால் போதும். கார் உங்களுடையதாக இருக்க வேண்டியதில்லை. விளம்பரப் படத்தில் நம்பரை மறைத்திருந்தால் கேட்டு வாங்குங்கள். தர மறுக்கிறவரிடம் மேலே பேச வேண்டாம்.

முதலில் மைலேஜ். நம் ஊரில் மைலேஜ் என்றால் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று அர்த்தம். இங்கே கார் இதுவரை ஓடிய மொத்த மைல். ஒவ்வொரு சோதனையிலும் அதைக் குறித்து வைப்பார்கள். வருடாவருடம் அது ஏறிக்கொண்டே வர வேண்டும். 82,000, 91,000 என்று போய் அடுத்த வருடம் 64,000 என்று இறங்கி, அங்கிருந்து மறுபடி ஏறினால் மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வருடம் மட்டும் எண் கோணலாக இருந்து, அடுத்த வருடம் பழைய வரிசைக்கே திரும்பினால் அது சோதித்தவரின் தட்டச்சுப் பிழையாக இருக்கலாம். மிகக் குறைவான மைலைப் பார்த்தும் உடனே மகிழ வேண்டாம். டீசல் கார் வருடத்துக்கு ஆயிரம் மைல்கூட ஓடவில்லை என்றால் புகைக்குழாயில் இருக்கும் வடிகட்டி கரி பிடித்து அடைத்திருக்க வாய்ப்புண்டு. அதை மாற்றும் செலவு காரின் விலையைத் தொடும்.

அப்புறம்தான் முக்கியமான பகுதி: பாஸ், ஃபெயிலுக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் வரிகள். 2018 மே மாதத்திலிருந்து குறைகளை டேஞ்சரஸ், மேஜர், மைனர் என்று பிரிக்கிறார்கள். முதல் இரண்டில் எது இருந்தாலும் கார் ஃபெயில். இவற்றைத் தவிர அட்வைசரி என்று ஒன்று உண்டு. இப்போது ஓட்டலாம், ஆனால் கவனித்துக்கொள் என்று சோதித்தவர் எழுதி வைக்கும் குறிப்பு அது.

நான் வாங்கிய முதல் காரில் பாஸ் என்ற சொல்லை மட்டும்தான் பார்த்தேன். உள்ளே கழுவித் துடைத்து, வாசனை அடித்து வைத்திருந்தார்கள். பின்பக்க பிரேக் பைப்பில் துரு என்ற ஒரே அட்வைசரி மூன்று வருடமாகத் தொடர்ந்து இருந்தது. நாலாவது வருடம் அந்தப் பைப்பால் என் கையில் ஃபெயில் ஆனது. காரை லிஃப்டில் தூக்கியதும் அடிச்சட்டத்திலும் துரு என்றார்கள். பைப், வெல்டிங் எல்லாம் சேர்த்து, கார் வாங்கிய பணத்தில் பாதி போனது.

அதனால் எல்லா வருடங்களையும் வரிசையாக வைத்துப் படியுங்கள். டயர் தேய்ந்திருக்கிறது, பிரேக் பேட் மெலிந்திருக்கிறது என்பதெல்லாம் சாதாரணம். அடுத்த வருடம் அந்த வரி காணாமல் போயிருந்தால் உரிமையாளர் மாற்றியிருக்கிறார். பல்ப் எரியவில்லை என்று ஃபெயிலாகி அன்றே பாஸ் ஆனதற்கும் பயப்பட வேண்டாம். ஒரே வரி வருடாவருடம் திரும்பத் திரும்ப வந்தால், சோதனைக்கு முந்தின நாள் மட்டும் காரைக் கவனிக்கிற ஆள் என்று பொருள். நான் மிகவும் பயப்படுவது துருவுக்குத்தான். குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவுகிறார்கள், அது அடியில் ஒட்டி இரும்பைத் தின்றுவிடும். போன வருடம் ஆறு அட்வைசரி, விற்பனைக்கு வைக்கும்போது புத்தம்புது எம்.ஓ.டி., ஒரு அட்வைசரிகூட இல்லை என்றால் வேலை செய்த பில்லைக் கேளுங்கள். லாக்புக்கில், அதாவது காரின் பதிவுப் பத்திரத்தில் உள்ள 11 இலக்க எண்ணைக் கொடுத்தால் எந்தச் சோதனை எங்கே நடந்தது என்பதும் தெரியும்.

நடுவில் ஒரு வருடம் காணவில்லையா? 2020-ல் இடைவெளி இருந்தால் சந்தேகப்பட வேண்டாம், கொரோனாவுக்காக அப்போது ஆறு மாத நீட்டிப்பு கொடுத்தார்கள். மற்ற வருடங்களில், சாலையில் ஓட்டவில்லை என்று அரசுக்கு அறிவித்துவிட்டு நிறுத்தி வைத்திருக்கலாம். அது குற்றமில்லை, ஆனால் நெடுநாள் நின்ற காரில் டயரிலும் ரப்பர் குழாய்களிலும் வெடிப்பு விட்டிருக்கும்.

எம்.ஓ.டி. பார்க்காதவையும் உண்டு. என்ஜினின் உள்நிலை, கிளச், கியர்பாக்ஸ் ஆகியவற்றைப் பற்றி அது எதுவும் சொல்லாது. டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்பதற்கு சர்வீஸ் புத்தகமும் பில்லும்தான் சாட்சி.

மற்றவை சுருக்கமாக. லாக்புக் உரிமைப் பத்திரம் அல்ல, அதனால் கடன் பாக்கியோ விபத்துப் பதிவோ இருக்கிறதா என்று கட்டணம் கட்டித் தனியாகப் பாருங்கள். சாலை வரி காரோடு சேர்ந்து வராது; ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும் முன்பே உங்கள் பெயரில் வரியும் காப்பீடும் இருக்க வேண்டும். லண்டன் என்றால் யூலெஸ் பாருங்கள், அதிகம் புகை விடும் கார்களிடம் கட்டணம் வாங்கும் திட்டம் அது. 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டன் முழுவதும் உண்டு. தகுதியில்லாத காருக்கு ஓட்டும் நாளுக்கு 12.50 பவுண்டு. பெட்ரோல் கார் 2006 முதல் வந்தது என்றால் பெரும்பாலும் தப்பிக்கும். டீசல் பொதுவாக 2015 செப்டம்பருக்குப் பிறகு வந்ததாக இருக்க வேண்டும்.

சரி, காரைப் பார்க்கப் போகும்போது அந்த வரலாற்றை ஃபோனில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். வானம் வெளிச்சமாக இருக்கும்போது போங்கள். “போன வருடம் முன்பக்க ஸ்பிரிங் உடைந்ததாக இருக்கிறதே, யார் மாற்றினார்கள், பில் இருக்கிறதா?” என்று கேளுங்கள். மழுப்பாமல் உள்ளே போய் பில் வைத்திருக்கும் ஃபைலை எடுத்து வந்து காட்டுகிறவர் நூறு பவுண்டு கூடுதலாகக் கேட்டாலும் நான் அவரிடம்தான் வாங்குவேன்.