எவ்வளவு தொலைவுக்கு மென்மையாக்குகிறோம்? லாட்டிஸ் கணக்கீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குவார்க்குகளைப் பிணைக்கும் வலிய அணுக்கரு விசையைக் கணினியில் ஆராய்வதற்கு, வெளியையும் காலத்தையும் நாற்பரிமாணக் கட்டங்களாகப் பிரித்து, அடுத்தடுத்த கணுக்களை இணைக்கும் ஒவ்வோர் இணைப்பிலும் விசைப் புலத்தைக் குறிக்கும் ஓர் எஸ்யூ(3) அணியை (3×3 அணி) வைக்கிறோம். 1974-இல் கென்னத் வில்சன் வகுத்த இந்த லாட்டிஸ் முறையில் கிடைக்கும் புல அமைவுகள் கட்ட இடைவெளி அளவிலான தொலைவுகளில் கடுமையாக ஏறி இறங்குகின்றன. அந்த இரைச்சலைத் தணிக்க, ஒவ்வோர் இணைப்பையும் அதைச் சூழ்ந்த பாதைகளோடு கலந்து புதுப்பிப்பதே மென்மையாக்கல். ஏபிஇ ஸ்மியரிங், 2001-இல் வந்த எச்ஒய்பி, 2004-இல் மார்னிங்ஸ்டாரும் பியர்டனும் முன்வைத்த ஸ்டவுட், 2010-இல் லூஷர் விரிவாக ஆராய்ந்த, புலத்தைப் படிப்படியாக அன்றித் தொடர்ச்சியாக மென்மையாக்கும் கிரேடியன்ட் ஃப்ளோ என இதற்குப் பல வடிவங்கள் உண்டு. இவற்றில் நேரும் தவறுகளுள் பெரும்பாலானவை, எத்தனை படிகள் நடந்தன என்பதைக் குறித்துவைத்துவிட்டு, அவை எவ்வளவு தொலைவுக்குப் பரவின என்பதைக் கேட்காமல் விடுவதிலிருந்தே தொடங்குகின்றன.

ஃப்ளோ எவ்வளவு தூரம் நடந்தது என்பதைக் காட்டும் அளவு ஃப்ளோ நேரம் என்று பெயர் பெற்றிருந்தாலும் அதன் பரிமாணம் நீளத்தின் வர்க்கமாகும். அதன் எட்டு மடங்கின் வர்க்கமூலமே மென்மையாக்கலின் ஆரம். ஒரு படியில் எவ்வளவு கலக்கிறோம் என்பதைக் காட்டும் அளவுருவைச் சிறிதாக வைத்து ஸ்டவுட் படிகளைத் திரும்பத் திரும்பச் செய்வதும் ஏறத்தாழ இதே ஃப்ளோதான். படிகளின் எண்ணிக்கையை அளவுருவால் பெருக்கினால், கட்ட இடைவெளியின் வர்க்கத்தை அலகாகக் கொண்ட ஃப்ளோ நேரம் கிடைக்கும். ஆகவே 0.1 அளவுருவுடன் 10 படிகள் என்றால் ஆரம் சுமார் 2.8 கட்ட இடைவெளிகள். இடைவெளி 0.12 ஃபெம்டோமீட்டராக இருக்கும் லாட்டிஸில் அது ஏறக்குறைய 0.34 ஃபெம்டோமீட்டர், 0.06 ஃபெம்டோமீட்டர் லாட்டிஸில் அதில் பாதி. இரண்டிலும் ஒரே உள்ளீட்டுக் கோப்பைப் பயன்படுத்தியவர் ஒரே பொருளைத்தான் அளந்தோம் என்று எண்ணினால், அவருடைய தொடர்ம எல்லைக் கணிப்பு (கட்ட இடைவெளி சுழியாகும் நிலைக்கு நீட்டிப் பெறும் கணிப்பு) வெவ்வேறு அளவைகளை ஒரே கோட்டில் பொருத்திய கணிப்பாகிவிடும்.

ஆயினும் இந்த விதியை எங்கும் கண்மூடித்தனமாகப் பொருத்துவதும் தவறே. குவார்க்குகளின் இயக்கத்தை வகுக்கும் சார்பான குவார்க் ஆக்‌ஷனுக்குள் மென்மையாக்கிய இணைப்புகளை வைப்பவர்கள் படிகளின் எண்ணிக்கையையும் அளவுருவையும் மாற்றாமல் வைத்திருக்க வேண்டும். அப்போதுதான் கட்ட இடைவெளி சுருங்கும்போது ஆரமும் சுருங்கி, ஆக்‌ஷன் தொடர்ம எல்லையில் ஓரிடத் தன்மையை (அருகிலுள்ள புள்ளிகளை மட்டும் சார்ந்திருக்கும் தன்மையை) மீட்கும். அங்கே ஆரத்தை ஃபெம்டோமீட்டரில் நிலைநிறுத்தினால் குறுந்தொலைவு இயற்பியலே சிதைந்துவிடும். மாறாக, ஃப்ளோவைக் கொண்டு வரையறுத்த ஓர் அளவையைப் பல லாட்டிஸ்களில் ஒப்பிடும்போது இயற்பியல் ஆரமே மாறாமல் இருக்க வேண்டும். இந்த இரு பயன்பாடுகளையும் ஒரே பெயரால் அழைப்பது குழப்பத்துக்குப் பெரிதும் இடமளிக்கிறது.

அளவுருவைப் பெரிதாக்கினால் வேலை விரைவில் முடியும் என்னும் ஆசையும் ஆபத்தானது. நான்கு திசைகளிலும் செய்யும் ஸ்டவுட் முறையில், முதல்நிலைக் கணக்கின்படி, அளவுரு 0.125-ஐத் தாண்டினால் மிக உயர்ந்த அதிர்வெண் கொண்ட ஏற்ற இறக்கங்கள் தணிவதற்குப் பதிலாக ஒவ்வொரு படியிலும் குறி மாறி வளரத் தொடங்கும். ஏபிஇ முறையில் இதற்கு இணையான எல்லை 0.75. ஃப்ளோ நடக்கும்போது மிகச் சிறிய சதுரத்தைச் சுற்றியுள்ள நான்கு இணைப்புகளின் பெருக்கத்திலிருந்து பெறும் சராசரி பிளாக்கெட் மதிப்பு இடைவிடாமல் 1-ஐ நோக்கி ஏற வேண்டும். அது எங்கேனும் இறங்கினால் முதலில் படியின் நீளத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

குவார்க்குகளால் ஆன துகள்களான ஹாட்ரான்களின் நிறையைக் காணும் தொடர்புச் சார்புகளில், செயலிகளுக்கான (துகளை உருவாக்கவும் அழிக்கவும் உதவும் கணிதக் குறிகளுக்கான) மென்மையாக்கலை வெளித்திசை இணைப்புகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. காலத்திசை இணைப்புகளையும் கலந்துவிட்டால் ஒரு செயலி பல காலத் துண்டுகளில் பரவிவிடுகிறது. குறுகிய கால இடைவெளிகளில் நேர்மறைத் தன்மை குலைந்து, அங்கே சார்பு தணியும் வேகத்திலிருந்து பெறும் பயனுறு நிறையை நம்ப முடியாமல் போகிறது.

மிகுந்த கவனம் தேவைப்படும் இடம் டோபாலஜிகல் சார்ஜ், அதாவது புலம் மொத்தத்தில் எத்தனை முறை முறுக்கிக்கொண்டிருக்கிறது என்பதைக் காட்டும் எண். மென்மையாக்காத புலத்தில் இதைக் குளுவான் (வலிய விசையைக் கடத்தும் துகள்) புலத்தின் வழி வரையறையால் அளந்தால் இரைச்சல்தான் மேலோங்கும். ஃப்ளோ நீளும்போது மதிப்புகள் முழு எண்களை நெருங்குகின்றன. இதைக் கண்டதும் இன்னும் நீட்டினால் இன்னும் துல்லியம் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். வில்சன் ஆக்‌ஷனில் இன்ஸ்டன்டானின் (ஓர் அலகு சார்ஜைத் தாங்கிய புலக் கட்டியின்) அளவு குறையக் குறைய அதன் ஆக்‌ஷனும் குறைகிறது. ஆகவே ஃப்ளோ அதைச் சுருக்கிக்கொண்டே போய், இறுதியில் கட்டங்களுக்கு இடையே நழுவவிட்டுவிடக்கூடும். இன்ஸ்டன்டானும் எதிர் இன்ஸ்டன்டானும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதும் உண்டு. மொத்த சார்ஜ் மட்டும் வேண்டுமென்றால் பின்னதால் தீங்கில்லை. சார்ஜின் அடர்த்தி எவ்வாறு பரவியிருக்கிறது என்று ஆராய்பவருக்கோ தேடிய பொருளே அழிந்துபோகிறது. முழு எண்ணுக்கு வட்டமிடுவதற்கு முன், வட்டமிடாத மதிப்புகளின் பரவலை ஒருமுறை வரைந்து பார்த்துவிட வேண்டும்.

ஆரத்துக்கு மேலெல்லையும் உண்டு. கால ஓரங்களில் சுற்றுமுறை எல்லை நிபந்தனை இருக்கும்போது ஆரம் பெட்டியின் பாதி நீளத்தை எட்டினால், புலம் மறுபக்கமாகச் சுற்றிவந்து தன்னோடு தானே கலக்கும். வெப்பநிலைக் கணக்கீடுகளில் காலத்திசை குறுகியதாக இருப்பதால் இந்த எல்லை விரைவிலேயே வந்துவிடும். ஃப்ளோ வழியாக, ஆற்றல் அடர்த்தியையும் அழுத்தத்தையும் தரும் ஆற்றல்-உந்த டென்சரைப் பெறும்போது, முதலில் கட்ட இடைவெளியைச் சுழியாக்கி, அதன் பிறகே ஃப்ளோ நேரத்தைச் சுழிக்குக் கொண்டுசெல்வது பாதுகாப்பான வரிசை. மாற்றிச் செய்தால் ஆரம் ஒரு கட்டத்துக்கும் கீழே இறங்கி, லாட்டிஸ் பிழைகள் பெருகும்.

கடைசியாக, மென்மையாக்கல் ஒவ்வோர் அமைவின் இரைச்சலைக் குறைக்குமேயன்றி, அமைவுகளின் சார்பற்ற தன்மையைக் கூட்டாது. ஃப்ளோ செய்த அளவைகள் நீண்ட அலைநீளங்களை மட்டும் காட்டுவதால், அடுத்தடுத்த அமைவுகளுக்கு இடையிலான தொடர்பு அவற்றில் மேலும் நீளமாகவே தெரியும். மிக நுண்ணிய லாட்டிஸ்களில் சார்ஜ் ஒரே மதிப்பில் உறைந்துபோகும்போது எந்த ஸ்மியரிங்கும் அதை நகர்த்தாது. எனவே பிழைக்கோடு திடீரெனச் சுருங்கினால், தொகுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றாக விட்டுவிட்டுப் பிழையை மதிப்பிடும் ஜாக்நைஃப் கணிப்பில் தொகுப்பின் நீளத்தைக் கூட்டிப் பார்த்து, பிழைமதிப்பு மேலும் வளராமல் நிலைக்கிறதா என்று உறுதிசெய்த பிறகே அந்த எண்ணை எழுத வேண்டும்.