நீல் தீவின் பவளப் பாலம்: கடல் வற்றும் நேரம் பார்த்துப் போங்கள்

அந்தமானின் நீல் தீவில் (இப்போது ஷஹீத் த்வீப்) லட்சுமண்பூர் 2 கடற்கரையில் உள்ள இயற்கைப் பாலத்துக்குக் கடல் வற்றும்போதுதான் நடந்து போக முடியும். வற்றி முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போதே இறங்குங்கள். தண்ணீர் ஏறத் தொடங்கியதும் திரும்பிவிடுங்கள். இன்று காலை 9 மணிக்கு வற்றினால், நாளை ஏறக்குறைய 9.50க்கு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இன்னும் நன்றாக வற்றும். பாறைக் குட்டைகளில் கடல் அட்டையும் நண்டும் தெளிவாகத் தெரியும், அழகோ அழகு!

ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம். பாசியில் வழுக்கும், வார் அறுந்தால் பவளம் பாதத்தைக் கிழித்துவிடும். பின்பட்டை வைத்த சாண்டல் போடுங்கள். உயிருள்ள பவளத்தை மிதிக்காமல் மணலிலும் வெறும் பாறையிலும் கால் வையுங்கள். செத்த பவளத் துண்டைக்கூட எடுத்து வராதீர்கள், அது சட்டப்படி குற்றம். டிசம்பரில் மாலை 5 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், டார்ச் அவசியம்.