ரத்த மாத்திரைய கட்டஞ்சாயா ஊத்தி முழுங்காதீங்க

குமுளி, வண்டிப்பெரியார், கம்பம் பக்கம் மாசமா இருக்கிற பொண்ணுங்களுக்குத்தான் இத எழுதுறேன். என் தங்கச்சி கம்பத்துல இருந்து ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போறவ, விடியக்காலைல ஜீப்புல உக்காந்ததும் செவப்பு ரத்த மாத்திரைய, அதான் இரும்புச்சத்து மாத்திரைய, வாயில போட்டு தூக்குச்சட்டில இருக்கிற கட்டஞ்சாயாவ, பால் ஊத்தாத டீய, ஊத்தி முழுங்கிருவா. ரெண்டு மாசம் ஒருநாள் விடாம போட்டும் ரத்தத்துல ஹீமோகுளோபின் அளவு 9லயே நின்னுச்சு, கர்ப்பிணிக்கு 11க்குக் கீழ போனாலே ரத்தசோகைதான். டீல இருக்கிற துவர்ப்பு இரும்புச்சத்தப் புடிச்சு வச்சுக்கும், ஒடம்புல சேர விடாது.

அதனால மாத்திரைய ராத்திரிக்கு மாத்துங்க. சாப்ட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு, படுக்கப் போறப்ப எலுமிச்சம்பழம் பிழிஞ்ச தண்ணியோட போடுங்க, நெல்லிக்கா கெடச்சா ஒண்ணு கடிச்சுக்கோங்க, வைட்டமின் சி இருந்தா இரும்பு நல்லா சேரும். குமட்டுனா சாப்ட்ட ஒடனே போடுங்க, விட்ற மட்டும் விட்றாதீங்க. வெளிக்குக் கறுப்பா போகும், அதப் பாத்துப் பயந்தே நெறய பேரு நிறுத்திர்றாங்க, பயப்பட ஒண்ணுமில்ல. சர்க்காரு மாத்திரைல 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட்ங்கிற வைட்டமின். நாலாம் மாசத்துல இருந்து தெனம் ஒண்ணு, 180 நாளு, பெத்த பொறகும் இன்னொரு 180 நாளு. ரத்தம் கொறச்சலா இருந்தா எத்தனைன்னு டாக்டர்தான் சொல்லணும்.

கால்சியம் மாத்திரையையும் இதையும் ஒண்ணா போடாதீங்க, கால்சியம் இரும்பு சேர்றதத் தடுக்கும். கால்சியத்த காலைலயும் மத்தியானமும் சாப்பாட்டோட போடுங்க.

ஃபோலிக் ஆசிட் வந்த கதை நம்ம நாட்டுலதான் ஆரம்பிக்குது. 1928ல லூசி வில்ஸ்னு ஒரு இங்கிலாந்து டாக்டரம்மா பம்பாய்க்கு வந்து துணி மில்லுல வேலை பாத்த கர்ப்பிணிங்களோட ரத்தசோகைய ஆராஞ்சாங்க, நம்ம குன்னூர்லயும் வேலை பாத்திருக்காங்க. ஈஸ்ட்டுல செய்ற மார்மைட்ட குடுத்தா ரத்தம் ஏறுதுன்னு கண்டுபிடிச்சு 1931ல எழுதுனாங்க. அதுல இருந்த சத்துதான் ஃபோலேட் (மாத்திரைல வர்றப்ப அதுக்குப் பேரு ஃபோலிக் ஆசிட்), 1941ல கீரைல இருந்து பிரிச்சு எடுத்தாங்க. எனக்கு அந்தம்மா மேல அவ்ளோ மரியாதை, கூலி வேலை பாக்குற பொண்ணுங்க என்ன சாப்பிடுறாங்கன்னு கேட்டுப் பாத்தவங்க.

கொழந்தையோட மூளை, முதுகுத்தண்டு ஆகுற குழாய் கரு உண்டான 28 நாளுக்குள்ளயே மூடிரும், நாள் தள்ளிப்போனது நமக்குப் புரியுறதுக்குள்ள பாதி முடிஞ்சிரும். அதனால கொழந்த வேணும்னு நெனைக்கிறப்பவே தெனம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் ஆரம்பிச்சு மொத மூணு மாசமும் போடுங்க. முருங்கைக்கீரைய ரொம்ப நேரம் கொதிக்க விடாதீங்க, வெந்த தண்ணியக் கொட்டவும் வேணாம், அதுல இருக்கிற ஃபோலேட் போயிரும்.

செக்கப்புக்குப் போறப்ப ரத்தம் எவ்ளோன்னு கேட்டு அட்டைல எழுதி வாங்கிக்கோங்க, தமிழ்நாட்டுப் பக்கம் பாத்தாலும் கேரளாப் பக்கம் பாத்தாலும் அதே அட்டைய காட்டுங்க.