ஓசாப் விண்ணப்பம்: ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்த குடும்பங்கள் முதலில் கையில் எடுக்க வேண்டியவை

பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிற பிள்ளை இருக்கிற வீடுகளில் பங்குனி, சித்திரை வந்தால் ஒரே பேச்சுத்தான். இடம் கிடைத்துவிட்டது, காசுக்கு என்ன செய்வது? இலங்கையிலிருந்து வந்து ஒன்றிரண்டு வருடமே ஆன குடும்பம் என்றால் கலக்கம் இன்னும் கூட. ஊரில் கம்பஸ் கிடைத்தால் படிப்புக்குக் கட்டணமே இல்லை, வசதி குறைந்த பிள்ளைக்கு மகாபொல உதவித்தொகை வேறு கிடைக்கும். இங்கே கலைப் பாடங்களுக்கே வருடம் ஆறாயிரம் டொலருக்கு மேல், பொறியியலுக்கும் வணிகத்துக்கும் அதைவிட நன்றாகக் கூட. புத்தகம், பஸ் செலவு, வாடகை எல்லாம் தனி.

அதற்காகத்தான் மாகாண அரசின் மாணவர் உதவித் திட்டம் இருக்கிறது. எல்லோரும் ஓசாப் என்றுதான் சொல்வார்கள். ஒரே விண்ணப்பத்தில் மத்திய அரசின் பணமும் மாகாணத்தின் பணமும் சேர்ந்து வரும். அதில் ஒரு பங்கு திருப்பிக் கட்டத் தேவையில்லாத மானியம், மற்றது கடன். விண்ணப்பிக்கக் கட்டணம் எதுவும் இல்லை. படிவம் நிரப்பித் தருகிறேன், இருநூறு டொலர் தாருங்கள் என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். பள்ளிக்கூடத்தின் வழிகாட்டல் ஆசிரியரும், பல்கலைக்கழகத்தின் நிதி உதவி அலுவலகமும் அதைச் சும்மாவே செய்து தருவார்கள்.

உறவினர் சொல்வதை அப்படியே நம்பி முடிவெடுக்கவும் வேண்டாம். 2017இல் குறைந்த வருமானக் குடும்பங்களுக்குச் சராசரிக் கல்விக் கட்டணம் முழுவதும் மானியமாகவே கிடைக்கிற மாதிரி ஓசாப்பை மாற்றினார்கள். 2019இல் அந்த ஏற்பாட்டை நிறுத்தினார்கள். அந்த நேரத்தில் படித்த மச்சாள், "எனக்கு எல்லாம் சும்மா கிடைச்சது" என்று சொன்னால் அவர் சொல்வது உண்மைதான், ஆனால் அது அவருடைய காலம். ஓசாப் தளத்திலேயே உதவித் தொகையைக் கணித்துப் பார்க்கிற பக்கம் இருக்கிறது. உங்கள் வருமானத்தைப் போட்டு இந்த வருடக் கணக்கை நீங்களே பாருங்கள்.

யாருக்குக் கிடைக்கும்?

கனடியக் குடியுரிமை உள்ளவர்கள், நிரந்தர வதிவிடம் பெற்றவர்கள், பாதுகாக்கப்பட்ட நபர் என்ற நிலை பெற்றவர்கள், இந்த மூன்று பிரிவினருக்குத்தான். அகதிக் கோரிக்கை கொடுத்துவிட்டு விசாரணைக்குக் காத்திருக்கிறவர்களுக்கு இல்லை. கோரிக்கையை ஏற்றுக்கொண்டதாக அகதிகள் சபையிலிருந்து தீர்ப்புக் கடிதம் வந்ததும் கதவு திறந்துவிடும். நிரந்தர வதிவிட அட்டை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இது தெரியாமல் வருடக்கணக்கில் தொழிற்சாலை வேலையில் நின்ற பிள்ளைகளை எனக்குத் தெரியும். அந்தத் தீர்ப்புக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். உங்கள் சின் எண் (சமூகக் காப்புறுதி எண்) ஒன்பதில் தொடங்குகிறதென்றால் அதற்குக் காலாவதித் தேதியும் இருக்கும். தேதி முடிந்திருந்தால் முதலில் அதைப் புதுப்பியுங்கள்.

ஒன்ராறியோவில் எவ்வளவு காலம் இருக்கிறீர்கள் என்றும் கேட்பார்கள். அதில் பன்னிரண்டு மாதக் கணக்கு ஒன்று வரும். மொன்றியலிலோ கல்கரியிலோ இருந்துவிட்டு அண்மையில் ஸ்காபரோ வந்தவர்கள் தங்கள் விஷயத்தை நிதி உதவி அலுவலகத்தில் நேரே கேட்டுவிடுவது நல்லது.

படிப்பு அனுமதியில் தமிழ்நாட்டிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு ஓசாப் இல்லை. ஊரில் வங்கிக் கல்விக் கடன் போட்டுத்தான் வர வேண்டும். "இங்கே வந்து பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் அது பொய்யான நம்பிக்கை.

வரிப் பத்திரம்தான் முதல் படி

எல்லோரும் படிவத்தில் தொடங்குகிறார்கள். நான் வரிப் பத்திரத்தில் தொடங்கச் சொல்வேன். உயர்நிலைப் பள்ளி முடித்து ஆறு வருடம் ஆகாத, திருமணமாகாத, குழந்தை இல்லாத பிள்ளையை ஓசாப் தாய் தகப்பனில் தங்கியிருப்பவராகத்தான் பார்க்கும். தனியாக வாடகைக்கு இருந்தாலும் அப்படித்தான். ஆகவே பிள்ளைக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதைத் தீர்மானிப்பது பெற்றோரின் வருமானம். 2026 புரட்டாதியில் தொடங்கும் படிப்புக்கு 2025ஆம் ஆண்டின் வருமானத்தைப் பார்ப்பார்கள். வரிப் பத்திரத்தில் 15000 என்ற வரியில் இருக்கிற தொகைதான் அது. நீங்கள் எழுதுகிற தொகையை அவர்கள் வரித் திணைக்களத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

"அம்மாவுக்கு வேலையே இல்லை, அவ ஏன் வரி போட வேணும்?" என்று கேட்கிற வீடுகள் அதிகம். போட வேண்டும். வருமானம் பூச்சியம் என்பதையும் ஒரு தாள் சொல்ல வேண்டும். குழந்தைகளுக்கான மாதக் கொடுப்பனவுக்கும் அது தேவை. சித்திரை 30தான் கடைசி நாள். வருமானம் குறைந்தவர்களுக்கு நூலகங்களிலும் சமூக நிலையங்களிலும் தன்னார்வலர்கள் இலவசமாக வரி செய்து கொடுக்கிறார்கள். எங்கே என்று தெரியாவிட்டால் 211க்கு அழையுங்கள், தமிழில் பேச ஆள் வேண்டும் என்று கேட்கலாம். வந்த முதல் வருடம் என்றால், கனடாவுக்கு வருவதற்கு முன் ஊரில் உழைத்ததையும் கேட்பார்கள். இருந்ததைக் கனடிய டொலருக்கு மாற்றி உள்ளபடி எழுதுங்கள். கையில் காசாக வாங்குகிற வேலையை மறைத்து எழுதினால், பிறகு கணக்குப் பொருந்தாமல் போகிற நாளில் கிடைத்த மானியம் கடனாக மாறிவிடும். அதைச் சுமக்கப் போவது பிள்ளை.

அப்புறம், பெயர். இது நம்முடைய ஆட்களுக்கே உரிய சிக்கல். போன வருடம் எங்கள் கட்டடத்தில் நான்காம் மாடியில் இருக்கிற ஒரு பிள்ளை விண்ணப்பம் முடங்கிவிட்டதென்று மடிக்கணினியோடு வந்தான். சமையலறை மேசையில் இருந்து இரண்டு பேரும் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தோம். தகப்பனின் கடைசிப் பெயர் என்று கேட்ட இடத்தில் தன்னுடைய கடைசிப் பெயரையே எழுதியிருந்தான். இங்குள்ள மற்றப் பிள்ளைகளுக்கு அது சரி. நம் வீட்டில் பிள்ளையின் கடைசிப் பெயர் தகப்பனின் சொந்தப் பெயர், தகப்பனின் கடைசிப் பெயரோ அப்பப்பாவின் பெயர். சின் எண்ணும் பெயரும் பொருந்தவில்லை, அவ்வளவுதான். தகப்பன் இரவு வேலை முடித்து வந்து பக்கத்தில் நின்றார். "சின் நம்பரை ஒருத்தருக்கும் குடுக்கக் கூடாதெண்டு தானே எல்லாரும் சொல்லினம்," என்றார். அவர் பயந்ததில் நியாயம் இருக்கிறது, ஏமாற்றுத் தொலைபேசி அழைப்புகள் அப்படி. தொலைபேசியில் கேட்டால் கொடுக்கக் கூடாது, அரசாங்கத் தளத்தில் உங்கள் கையால் நீங்களே எழுதுவது வேறு என்று விளங்கப்படுத்தினேன். அவர் மேலே போய் ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து, அதற்குள் நான்காக மடித்து வைத்திருந்த தாளை எடுத்துத் தந்தார். திருத்தி எழுதியதும் விண்ணப்பம் நகர்ந்தது.

ஆகவே தொடங்குமுன் வீட்டில் உள்ளவர்களின் சின் தாள்கள், வதிவிட அட்டைகள், வரிக் கணிப்புக் கடிதங்கள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பிப் பாருங்கள். எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா? இல்லாவிட்டால் சேவிஸ் கனடாவுக்குப் போய்த் திருத்திவிட்டுத் தொடங்குங்கள். பெற்றோரும் இணையத்தில் ஒப்புதல் கொடுத்துக் கையொப்பமிட வேண்டும். அந்த வேலையைப் பிள்ளை தானே செய்துவிடாமல், என்ன எழுதியிருக்கிறது என்று உங்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

எப்போது, எப்படி வரும்?

படிப்புக் காலம் முடிவதற்கு 60 நாளுக்கு முன்வரை விண்ணப்பிக்கலாம் என்று விதி. தாள்களை 40 நாளுக்கு முன்வரை கொடுக்கலாம். அதை நம்பி இருக்காதீர்கள். ஆனி முடிவதற்குள் அனுப்பினால்தான் புரட்டாதியில் கட்டணம் கட்டுகிற நேரத்துக்குக் காசு நிற்கும். முதல் முறை வாங்குகிறவர் தேசிய மாணவர் கடன் சேவை நிலையத்தோடு ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட வேண்டும். அது பெரும்பாலும் ஒரு முறைதான். வங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரில் இருக்க வேண்டும். கல்லூரி முதலில் தன் கட்டணத்தைக் கழித்துக்கொள்ளும், மிச்சம் கணக்குக்கு வரும். எல்லாம் ஒரே தடவையில் வராது, ஒரு பகுதி தொடக்கத்திலும் மற்றது தை மாதத்திலும் வரும். புரட்டாதியில் வந்ததைப் பார்த்துவிட்டு அதற்கேற்ற மாதிரிச் செலவு செய்யத் தொடங்கினால் மார்கழியில் கஷ்டப்படுவீர்கள்.

நம் வீடுகளில் கடன் என்ற சொல்லுக்கே ஒரு பயம் இருக்கிறது. அடகு, மீற்றர் வட்டி, சீட்டு என்று பட்ட பாடு அப்படி. அதனால் சில தகப்பன்மார் "என்ர பிள்ளை கடனோட வெளிக்கிட வேண்டாம்" என்று சொல்லி இரண்டாவது வேலைக்குப் போகிறார்கள், அல்லது கட்டணத்தைக் கடனட்டையில் போடுகிறார்கள். அட்டை வட்டி இருபது வீதத்துக்குக் கிட்ட. ஓசாப் கடனில் மத்திய அரசின் பங்குக்கு 2023 சித்திரை 1இலிருந்து வட்டியே இல்லை. மாகாணப் பங்குக்கு மட்டும் வங்கிகளின் அடிப்படை வட்டியோடு ஒரு வீதம் கூட்டி வரும், அதுவும் படிக்கிற காலத்தில் இல்லை. கடன் வேண்டவே வேண்டாம் என்றாலும் விண்ணப்பியுங்கள். மானியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கடனை மறுக்கலாம்.

முழுநேர மாணவர் என்றால் பாடச் சுமையில் 60 வீதம் எடுத்திருக்க வேண்டும். ஐந்து பாடம் முழுச் சுமை என்றால் மூன்று. இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். இரண்டாம் வருடம் மாசி மாதம் அம்மாவுக்குச் சுகமில்லாமல் போனபோது நான்கு பாடத்தில் இரண்டை விட்டேன். பாடத்தை விடுகிற படிவத்தில் கையொப்பம் வைத்தவர் எதுவும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. கோடையில் கடிதம் வந்தது, மானியத்தின் ஒரு பகுதி கடனாக மாறியிருந்தது. அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு கிழமைதான் ஆகியிருந்தது, அவவுக்குக் காட்டாமல் அந்தக் கடிதத்தைப் புத்தகத்துக்குள் வைத்தேன். பாடம் விடுமுன் நிதி உதவி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். உடல்நலக் காரணம் இருந்தால் அதற்கு வேறு வழிகள் உண்டு. நிரந்தர இயலாமை உள்ள மாணவருக்கு 40 வீதம் போதும்.

தனியார் தொழிற்கல்லூரிகளைப் பற்றி ஒன்று. தமிழிலேயே விளம்பரம் செய்து, ஓசாப் எடுத்துத் தருகிறோம் என்று கூப்பிடுவார்கள். அந்தப் பாடநெறி ஓசாப்புக்கு அங்கீகரிக்கப்பட்டதா என்று அவர்களிடம் கேட்காமல் ஓசாப் தளத்தில் பாருங்கள். அதே பாடம் செண்டெனியல், செனிக்கா போன்ற பொதுக் கல்லூரிகளில் இருக்கிறதா, கட்டணம் எவ்வளவு என்றும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொதுக் கல்லூரியில் பெரும்பாலும் குறையவாக இருக்கும்.

படிப்பு முடிந்து ஆறு மாதத்துக்குப் பிறகு கட்டத் தொடங்க வேண்டும். மாகாணப் பங்குக்கு அந்த ஆறு மாதத்திலும் வட்டி ஏறும், கையில் காசு இருந்தால் அப்போதே கட்டிவிடலாம், முன்கூட்டிக் கட்டினால் தண்டம் இல்லை. சாதாரணமாக ஒன்பதரை வருடக் கணக்கு. வேலை கிடைக்காவிட்டால் பேசாமல் இருக்காதீர்கள், திருப்பிக் கட்டுவதற்கான உதவித் திட்டம் இருக்கிறது. 2022 கார்த்திகையில் அதைத் தளர்த்தி, மத்திய அரசின் பங்கில் தனியாள் நாற்பதாயிரம் டொலர் உழைக்கும்வரை எதுவும் கட்டத் தேவையில்லை என்று ஆக்கினார்கள். ஆனால் அது தானாக வராது, கேட்டு விண்ணப்பிக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அடுத்த வருடம் ஓசாப் எடுக்காமலே தொடர்ந்து படிக்கிறீர்கள் என்றாலும், இன்னும் படிக்கிறேன் என்று அறிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டச் சொல்லிக் கடிதம் வரும்.

வீட்டில் சின்னப் பிள்ளைகளும் இருந்தால் அவர்களுக்குச் சின் எண் எடுத்து, வங்கியில் கல்விச் சேமிப்புத் திட்டம் ஒன்றைத் திறந்துவிடுங்கள். ஒரு வருடத்தில் 2,500 டொலர் வரை நீங்கள் போடுவதற்கு அரசாங்கம் 20 வீதம் சேர்க்கும். வருமானம் குறைந்த குடும்பத்தில் 2004இலோ அதற்குப் பிறகோ பிறந்த பிள்ளைக்கு நீங்கள் ஒரு சதம் போடாவிட்டாலும் முதலில் 500 டொலர், பிறகு தகுதியுள்ள ஒவ்வொரு வருடத்துக்கும் 100 என்று, மொத்தம் 2,000 வரை கற்றல் பத்திரமாக வரும். கணக்கு இல்லாததால் அதைக் கேட்காமலே விட்ட குடும்பங்கள் நிறைய. வங்கிக்குப் போகும்போது வருமானத்துக்கேற்ற கற்றல் பத்திரத்துக்கும் சேர்த்து விண்ணப்பிக்க வேண்டும் என்று நீங்களாகவே சொல்லுங்கள். கணக்குத் திறக்கிற படிவத்தோடு அதற்கு ஒரு தனிப் படிவம் இருக்கிறது.