அடித்தவரிடம் பிள்ளைக்கு ஜீவனாம்சம் கேட்பது எப்படி

"அவருடைய காசே வேண்டாம், என்னை நிம்மதியாக விட்டால் போதும்." அடித்த கணவரின் வீட்டை விட்டு ஆறு வயது மகனுடன் வெளியேறியபோது நானும் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இலவசச் சட்ட உதவி மையத்தில் இருந்த வழக்கறிஞர் அம்மா ஒன்றே ஒன்று கேட்டார்: "பிள்ளையின் பணத்தை வேண்டாமென்று சொல்ல நீங்கள் யார்?" சுருக்கென்றது. அன்றே மனுப் போடச் சம்மதித்தேன்.

விவாகரத்து வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்தியாவில், பெண்களைக் குடும்ப வன்முறையிலிருந்து பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவில் நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்தில் மனுப் போடலாம். பாதுகாப்பு ஆணை, உங்களுக்கும் பிள்ளைக்கும் பராமரிப்புத் தொகை, பிள்ளையைத் தற்காலிகமாக உங்கள் பொறுப்பில் வைத்திருக்கும் உரிமை எல்லாவற்றையும் அந்த ஒரே மனுவில் கேட்கலாம். தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே போடலாம். இந்தச் சட்டத்தின்கீழ் அரசு நியமிக்கும் பாதுகாப்பு அலுவலர் மனு எழுத உதவுவார். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. 15100 என்ற எண்ணில் கேளுங்கள். மனுவின் நகல் அவர் கைக்கும் போகும் என்பதால், முகவரி தெரியக் கூடாதென்றால் அதை வழக்கறிஞரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நான் தடுமாறிய இடம் தொகைதான். எவ்வளவு அடிபட்டேன் என்பதை வைத்துப் பிள்ளைக்கான தொகையை முடிவு செய்வார்கள் என்று நினைத்திருந்தேன். அடியின் கணக்கு வேறு, பிள்ளையின் கணக்கு வேறு. அடிபட்டதற்கு 22-ஆவது பிரிவில் தனியாக இழப்பீடு கேட்கலாம். சிகிச்சைச் செலவை 20-ஆவது பிரிவில் கேட்கலாம். பிள்ளைக்கான தொகைக்கு நீதிமன்றம் பார்ப்பது அவருடைய வருமானம், பிள்ளையின் தேவை, அதுவரை பிள்ளை வாழ்ந்த வாழ்க்கைத் தரம். அதனால் ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினேன்: பள்ளிக் கட்டணம், வேன், ஆஸ்துமா இன்ஹேலர், கால் வளர வளர மாற்றிய காலணி. ரசீதுகளைப் பக்கத்திலேயே ஒட்டினேன். மருத்துவமனைச் சீட்டும் மிரட்டல் குறுஞ்செய்திகளும் வேறு கோப்பில் இருந்தன.

வருமானம் இல்லை என்று அவர் சொல்லக்கூடும். 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், இரு தரப்பும் சொத்து, கடன், வருமான விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்றது. வாகனக் கடன் விண்ணப்பத்தில் அவரே எழுதிய சம்பளம் எனக்குக் கைகொடுத்தது. மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்தே தொகை கணக்கிடப்பட வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஆகவே தயங்கும் ஒவ்வொரு மாதமும் பிள்ளைக்கு இழப்பு. வழக்கு முடியும்வரை செலவுக்கு 23-ஆவது பிரிவில் இடைக்கால உத்தரவு கேளுங்கள்.

தயவுசெய்து பணத்தைக் கையில் வாங்காதீர்கள். "பேருந்து நிலையத்துக்கு வா, தருகிறேன்" என்றார். இரண்டு முறை போனேன். இரண்டாம் முறை மகன் கண் முன்னாலேயே என் கையை முறுக்கினார். அதன் பிறகுதான் வங்கிக் கணக்கில் செலுத்துமாறு உத்தரவு வாங்கினேன்.

"பிள்ளையைக் காட்டினால்தான் பணம்" என்ற பேரத்துக்கும் இணங்காதீர்கள். அவர் பார்க்க வருவது பிள்ளைக்குத் தீங்காகும் என்று நடுவர் கருதினால், 21-ஆவது பிரிவின்படி அதை மறுக்க வேண்டும். அதனால் பணம் தரும் கடமை அவரை விட்டுப் போகாது. சமரசம் என்ற பெயரில் "இனி எதுவும் கேட்க மாட்டேன்" என்ற தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். போடாதீர்கள்.

பணம் நின்றால், அவருடைய சம்பளத்தில் ஒரு பகுதியை நேரடியாக உங்களுக்குத் தரும்படி வேலை கொடுப்பவருக்கே நடுவர் உத்தரவிடலாம். நான் தெரியாமல் ஐந்து மாதம் பொறுத்திருந்தேன். நீங்கள் முதல் மாதம் தவறியதுமே வங்கிக் கணக்கு விவரத்தை எடுத்துக்கொண்டு வழக்கறிஞரிடம் போங்கள்.