கோர்லிட்ஸ் – ஸ்கோஜெலெட்ஸ்: எல்லை ஆற்றின் இரு கரையையும் ஒரே நாளில் நடந்து பார்ப்பது எப்படி

ஜெர்மனியின் கிழக்குக் கோடியில், நைஸ ஆற்றங்கரையில் இருக்கிறது கோர்லிட்ஸ். ஆற்றைத் தாண்டினால் போலந்தின் ஸ்கோஜெலெட்ஸ். 1945 வரை இரண்டும் ஒரே ஊர். போர் முடிந்ததும் ஆறே நாட்டின் எல்லையாயிற்று, ஊரும் இரண்டாகப் பிரிந்தது. வருகிறவர்களில் பலர் ஜெர்மன் பக்கத்துப் பழைய வீடுகளைப் பார்த்துவிட்டு, பாலத்தின் நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் இந்த ஊருக்கு என்ன நேர்ந்தது என்பதே புரியாது. பழைய பாலத்தில் அக்கரை போய், தெற்கே உள்ள சாலைப் பாலத்தில் இக்கரை வாருங்கள். மொத்தம் ஐந்தாறு கிலோமீட்டர் நடைதான். ஆனால் நின்று பார்க்க முழு நாள் வேண்டும்.

கிளம்பும் முன்

கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 2007 டிசம்பர் 21 அன்று எல்லைச் சோதனை இல்லாமல் போய்வரும் ஐரோப்பிய நாடுகளின் கூட்டமான ஷெங்கன் பகுதியில் போலந்து சேர்ந்ததால் பாலத்தில் முத்திரை குத்தும் வழக்கம் போய்விட்டது. ஆனால் 2023 அக்டோபரில் ஜெர்மனியும் 2025 ஜூலையில் போலந்தும் தற்காலிகச் சோதனையை மீண்டும் தொடங்கின. நடந்து போகிறவரையும் நிறுத்திக் கேட்கலாம். ஜெர்மனியில் வசிப்பவர்கள் இங்கேதான் தவறு செய்கிறார்கள்: வதிவிட அட்டை மட்டும் இருந்தால் போதும் என்று நினைத்து வருகிறார்கள். அட்டையோடு கடவுச்சீட்டும் இருந்தால்தான் அக்கரை செல்ல முடியும். ஒருமுறை நுழைவு ஷெங்கன் விசாவில் வந்தவர்கள் பயப்பட வேண்டாம். பாலத்தைக் கடப்பது ஷெங்கனை விட்டு வெளியேறுவதாகாது.

டிரெஸ்டனிலிருந்து வட்டார ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். பெர்லினிலிருந்து வந்தால் கோட்பஸில் வண்டி மாற வேண்டும். ஜெர்மனியின் மாதப் பயணச்சீட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட் இந்த வட்டார ரயில்களில் செல்லும். திங்கட்கிழமையைத் தவிருங்கள், அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை இரு கரையிலும் பெரிய கடைகள் அடைத்திருக்கும். வெறுமனே நடந்து பார்க்க மட்டும் வருகிறீர்கள் என்றால் ஞாயிறு அமைதியாக இருக்கும்.

நடை

ரயில் நிலையத்திலிருந்து பெர்லினர் தெரு வழியாக நேரே வடக்கே நடந்தால் இருபது நிமிடத்தில் ஓபர்மார்க்ட் சதுக்கம். அங்கே திரித்துவத் தேவாலயத்தின் ஒல்லியான கோபுரத்தை மக்கள் ‘துறவி’ என்கிறார்கள். அந்தக் கடிகாரம் ஏழு நிமிடம் முந்தி ஓடும். 1527-ல் நகராட்சிக்கு எதிராகச் சதி செய்த நெசவாளர்களைப் பிடிப்பதற்காக மணியை முந்தி அடிக்க வைத்தார்கள் என்பது ஊர்க்கதை. அருகிலேயே துரோகிகள் சந்து என்ற பெயரில் ஒரு சந்தும் உண்டு. கதை எப்படியோ, அந்த மணியை நம்பித் திரும்பும் ரயிலுக்கு நேரம் கணக்கிடாதீர்கள்.

அடுத்தது உன்டர்மார்க்ட் சதுக்கம். இங்கே அவசரப்படக் கூடாது. போரில் இந்த ஊர் பெரிய அளவில் குண்டுவீச்சுக்கு ஆளாகவில்லை. அதனால் கோதிக், மறுமலர்ச்சி, பரோக் கால வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கின்றன. 1995 முதல் 2016 வரை பெயர் சொல்லாத ஒருவர் ஆண்டுதோறும் பத்து லட்சம் மார்க், யூரோ வந்தபின் 5,11,500 யூரோ என இந்தப் பழைய ஊரைப் புதுப்பிக்க அனுப்பிவந்தார். இன்று நீங்கள் பார்க்கும் முகப்புகளில் பலவற்றை மீட்டதில் அந்தப் பணத்துக்குப் பங்கு உண்டு. 22-ஆம் எண் வீட்டின் கல் வளைவுக்கு இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் வளைவின் ஒரு காலில், பள்ளத்தில் வாயை வைத்து மெதுவாகப் பேச, மற்றவர் எதிர்க்காலில் காதை வைத்துக் கேட்க வேண்டும். சதுக்கத்தில் கூட்டம் சேர்ந்தால் எதுவும் கேட்காது, காலையிலேயே முயலுங்கள்.

இறங்கினால் பீட்டர் தேவாலயம், அதன் கீழே பழைய பாலம். 1945 மே 7 அன்று பின்வாங்கிய ஜெர்மன் படையே இந்த ஊரின் பாலங்களைத் தகர்த்தது. பழைய ஊரை அக்கரையோடு சேர்க்கும் இந்த நடைபாலம் மறுபடி எழ 2004 வரை ஆயிற்று. கிட்டத்தட்ட அறுபது ஆண்டுகள், சில அடிகளில் கடக்கக்கூடிய ஓர் ஆற்றின் மேல்!

அக்கரையில் இறங்கியதும் தஷின்ஸ்கி தெரு. 12-ஆம் எண் வீட்டில் வாழ்ந்தவர் யாகோப் பேமெ, செருப்புத் தைத்து வாழ்ந்த ஞானி (1575–1624). அவர் கல்லறை ஜெர்மன் பக்கம், நிக்கோலாய் இடுகாட்டில். வீடு ஒரு நாட்டில், கல்லறை இன்னொரு நாட்டில்.

ஆற்றோரமாகவே தெற்கே நடங்கள். கரைப்பாதைக்கு ‘கிரேக்க’ என்ற பெயர் வந்தது, உள்நாட்டுப் போருக்குத் தப்பிய ஆயிரக்கணக்கான கிரேக்கர்களுக்கு 1949-லிருந்து இந்த ஊர் இடம் தந்ததால். பாதை முடியும் பக்கத்தில், பூங்காவுக்குள் குவிமாடத்தோடு நிற்பது பண்பாட்டு இல்லம். 1950 ஜூலை 6 அன்று கிழக்கு ஜெர்மனியும் போலந்தும் இந்த எல்லையை ஏற்றுக் கையெழுத்திட்டது இங்கேதான்.

அருகே முதலில் சொன்ன சாலைப் பாலம், பெயர் இரண்டாம் ஜான் பால் பாலம். கடந்து ஜெர்மன் பக்கம் வந்தால் பூங்காவில் 15-ஆம் தீர்க்கரேகையைக் குறிக்கும் கல். மத்திய ஐரோப்பிய நேரம் இந்த ரேகையை வைத்தே கணக்கிடப்படுகிறது. அதனால் குளிர்காலத்தில் ஏறக்குறைய 12 மணிக்கும் கோடை நேரத்தில் 1 மணிக்கும் சூரியன் இங்கே உச்சியில் நிற்கும். இங்கிருந்து ரயில் நிலையம் கால் மணி நேரத்துக்குச் சற்று மேல்.

காசும் சாப்பாடும்

அக்கரையில் போலந்து நாணயமான ஸ்வாட்டி. பல கடைகள் யூரோ வாங்கிக்கொள்ளும், ஆனால் அவர்கள் வைத்ததுதான் விலை. அட்டையில் செலுத்தும்போது இயந்திரம் யூரோவா ஸ்வாட்டியா என்று கேட்டால் ஸ்வாட்டியைத் தேர்ந்தெடுங்கள். யூரோவைத் தொட்டால் மாற்று விகிதத்தை இயந்திரக்காரர் முடிவு செய்வார், நட்டம் உங்களுக்கு. ரொக்கம் வேண்டுமென்றால் ‘கான்டோர்’ என்ற பலகை உள்ள இடங்களில் மாற்றலாம். அங்கே இரண்டு விலை எழுதியிருக்கும், யூரோ கொடுக்கும் உங்களுக்குக் கிடைப்பது குறைவான எண். இரண்டுக்கும் இடைவெளி அதிகமாக இருந்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்குப் போலந்துப் பக்கம் நல்லது. உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்த ‘பியெரோகி ருஸ்கியே’ கொழுக்கட்டைக்குள் இறைச்சி இல்லை. ஆனால் மேலே பன்றிக்கொழுப்புத் துண்டுகளைத் தூவித் தருவது வழக்கம். ஆர்டர் செய்யும்போதே “பெஸ் ஸ்க்வார்கூஃப்” (கொழுப்புத் துண்டுகள் இல்லாமல்) என்று சொல்லிவிடுங்கள், வெண்ணெயோ வெங்காயமோ போட்டுத் தருவார்கள். கழிப்பறைக் கதவில் வட்டம் இருந்தால் பெண்களுக்கு, முக்கோணம் ஆண்களுக்கு.

மலிவாகக் கிடைக்கிறதே என்று பட்டாசு வாங்கி வராதீர்கள். அங்கே சாதாரணமாக விற்கும் பல வகைகளுக்கு ஜெர்மனியில் அனுமதி இல்லை, திரும்பும் வழியில் பிடித்தால் வழக்குத்தான்.

பலநாள் மழைக்குப் பின் வந்தால் கரைப்பாதையை விட்டு மேல்தெரு வழியே போங்கள். மேல்பகுதி மலைகளில் பெய்யும் மழை இந்த ஆற்றில் சட்டென்று ஏறும். 2010 ஆகஸ்டில் மேலே ஓர் அணை உடைந்து கரையோரத் தெருக்கள் மூழ்கின.