யி உரையில் ஒரே ஓர் எழுத்து மட்டும் மாயம்

தென்மேற்குச் சீனாவின் லியாங்ஷான் பகுதி யி மொழி உரைகளில் எழுத்துகளை மட்டும் பிரித்தெடுக்கும் சின்ன நிரல் (ஸ்கிரிப்ட்) அது. ஓட்டினால் அங்கங்கே ஓர் எழுத்து விழுங்கப்பட்டிருக்கும்.

முதலில் ஃபான்ட் மேல் சந்தேகம். மாற்றினேன், பலனில்லை. அப்புறம் எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8இல் குளறுபடியோ என்று மூலக் கோப்பின் பைட்டுகளைப் பார்த்தேன்: ஈஏ 80 95. எந்தச் சிக்கலும் இல்லை.

விழுந்தது எப்போதும் ஒரே எழுத்துதான். எழுத்துகளுக்கு எண் தரும் தரநிலையான யூனிகோடில் அதன் எண் ஏ015. அதன் பெயர் 'யி அசை வூ'. ஆனால் அது அசையே இல்லை. முந்தைய அசையை இன்னொரு முறை வாசி என்று சொல்லும் குறி. வைத்த பெயரை யூனிகோடில் மாற்றக் கூடாது என்பதால், சரியான பெயர் மாற்றுப்பெயராக ஒட்டிக்கொண்டிருக்கிறது. வகைப்பாடு மட்டும் ஒழுங்காக இருக்கிறது: மற்ற 1164 எழுத்துகளும் 'எல்ஓ' (பிற எழுத்து வகை), இது மட்டும் 'எல்எம்' (மாற்றி எழுத்து வகை). ஸ்கிரிப்ட் எல்ஓவை மட்டுமே உள்ளே விட்டுக்கொண்டிருந்தது!

எழுத்துகளைத் தேடிப் பிடிக்கும் ரெகெக்ஸ் விதியில் எல்எம் சேர்த்தேன், முழு உரையும் வந்துவிட்டது. ஏ000 முதல் ஏ48சி வரை என்று வீச்சாகக் கொடுத்தாலும் சரிதான். ஏ490இல் தொடங்கும் வேர்க்குறிகள் (எழுத்துகளை வகைப்படுத்த உதவும் அடிப்படைக் குறிகள்) தேவையென்றால் தனியாகச் சேர்க்க வேண்டும்.